தில்லை வாசலில் நின்ற பாட்டு

கோயில் முரசுக்குப் போர்த்தும் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பு. இவற்றைக் கொடுத்துவந்தவர் கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்த விவரத்தை மெனக்கெட்டுப் பெரியபுராணத்தில் எழுதிவைத்திருக்கிறார். பூசை நேரத்தில் கோயிலுக்குள் எழுந்த ஓசை அவர் கொடுத்த தோலிலும் நரம்பிலும் எழுந்தது. அவரோ, பிறந்த சாதியின் காரணமாக, மதிலுக்கு வெளியே நின்று கேட்டார். தோலுக்கு உள்ளே இடம் உண்டு. தோல் கொடுத்தவருக்கு இல்லை.

நல்லதோ கெட்டதோ, இல்லாத ஓர் ஊரைக் கற்பனையில் கட்டிக் காட்டும் கனவூர்க் கதைகளில் இசைக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் அழவைக்கும் பண்களையும் சோம்பல் ஏற்றும் பண்களையும் ஊருக்குள் விடமாட்டேன் என்கிறார். வீரனுக்கு ஒன்று, நிதானிக்கு ஒன்று, இரண்டு போதும் அவருக்கு. அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி 1888இல் எழுதிய 'லுக்கிங் பேக்வர்டு' நாவலில், கதாநாயகன் தூங்கி 2000ஆம் ஆண்டில் கண்விழிக்கிறான். இருந்த இடத்துக்கே டெலிபோன் கம்பி வழியாக 24 மணி நேரமும் கச்சேரி வருகிறது. அது நல்ல கனவு. 1920களின் தொடக்கத்தில் ருஷ்யர் யெவ்கெனி ஜமியாத்தின் கண்டது கெட்ட கனவு. அவருடைய 'நாம்' நாவலில் கைப்பிடியைச் சுழற்றினால் இயந்திரம் மணிக்கு மூன்று இசைக்கோவைகளைத் தள்ளுகிறது. 1949இல் வந்த ஆர்வெல்லின் '1984' நாவலிலும் பாமர மக்களுக்கான பாட்டை ஓர் இயந்திரம்தான் தயாரிக்கிறது. மனிதக் கை அதில் படுவதே இல்லை.

நல்ல கனவோ கெட்ட கனவோ, இந்தக் கதைகளில் இசை ஊருக்குள் இருக்கிறது. எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுப்பது, யார் கொடுப்பது என்பதுதான் அங்கே கேள்வி. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கதை அப்படி இல்லை. இங்கே கனவூர் மதிலுக்குள் இருக்கிறது. பாட்டு வாசலில் நிற்கிறது. பாடுகிறவர் உள்ளே போகலாமா, போனால் எந்த இடத்தில் நின்று பாடலாம் என்பதே ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் நடக்கும் வழக்கு. அந்த வழக்கில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

அன்று: நாற்பது வேலியும் ஓர் இரவும்

சேக்கிழாரின் நந்தனார் கதையில் பண்ணையார் கிடையாது. ஓர் ஆசை, ஒரு தயக்கம், ஒரு கனவு, கடைசியில் தீ. நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தில்லை என்னும் சிதம்பரத்தை நினைத்தே நாள் கழித்தவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. இதை எடுத்துக்கொண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாகப் பாடி வேறு ஒரு கதையாகவே அதை ஆக்கினார். வேதியர் என்ற நில உடைமைக்காரரைப் புதிதாக உள்ளே கொண்டுவந்தார். சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம் அந்த வேதியர், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். ஆக, 260 ஏக்கருக்கு மேல். ஓர் ஆளால் ஓர் ஆயுளில் முடியாத வேலை. கதையில் அது ஓர் இரவில் முடிந்துவிடுகிறது, சிவனருளால்.

கெட்ட ஊரும் நல்ல ஊரும் ஒரே கதைக்குள் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஆதனூர் பண்ணை கெட்ட ஊர். அங்கே வேலைக்கு முடிவில்லை, விடுப்புக்கு வழியில்லை, ஆண்டையின் சொல்லுக்கு அப்பீல் இல்லை. தில்லை நல்ல ஊர். இரண்டுக்கும் நடுவே பாதை என்று எதுவும் கிடையாது, பாட்டைத் தவிர. நந்தன் ஆண்டையிடம் கெஞ்சுவதும் பாட்டு, சேரிப் பெரியவர்களிடம் வாதாடுவதும் பாட்டு, திருப்புன்கூரில் மறைத்து நிற்கும் நந்தியை விலகச் சொல்லும்படி இறைஞ்சுவதும் பாட்டு. வேதியர் பாட்டிலேயே திட்டுகிறார். கடைசியில் பாட்டிலேயே காலில் விழுகிறார்.

இந்தக் கதை காலட்சேபமாக நடந்த இரவுகளை நினைத்துப் பார்த்தால்தான் அதன் வேகம் தெரியும். மேடையில் நடிகர் கூட்டம் இல்லை. பாகவதர் ஒருவர்தான். கையில் சப்ளாக்கட்டை, பின்னால் ஜால்ராவும் மிருதங்கமும் பின்பாட்டும். ஒரு நிமிஷம் அவர் குரலை உயர்த்தி வேதியராகிறார். அடுத்த நிமிஷம் துண்டை அக்குளில் இடுக்கி, முதுகை வளைத்து நந்தனாகிறார். அடிமையும் ஆண்டையும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நிலம் உள்ளவரும் உண்டு. நந்தன் அழும்போது தாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் எழுந்து தம் பண்ணையாளை அதே வேதியர் குரலில் அதட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இந்தக் கீர்த்தனை நூல் பிறந்த விதமே ஒரு வாசல் கதைதான். சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். இலக்கணப் பிழை உள்ள நூல் என்று பிள்ளை தட்டிக்கழித்தபடி இருந்தார். ஒருநாள் பகலில் பிள்ளை உள்ளே படுத்திருக்கிறார். வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளை வாய்விட்டுப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் அதைக் கேட்டு உருகிப்போனார்; பாயிரமும் கிடைத்தது. இதைச் சொன்னவர் பிள்ளையின் மாணவரான உ.வே. சாமிநாதையர். இலக்கணம் சாத்திய கதவை ராகம் திறந்தது. காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே துரையின் ஆதரவில், 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது.

இதே நூலில் நெருடும் இடமும் ஒன்று உண்டு. நம் குலதெய்வங்களை விட்டுவிட்டுச் சிவன், சிதம்பரம் என்று ஏன் அலைகிறாய் என்று சேரிப் பெரியவர்கள் நந்தனைக் கேட்கிறார்கள். அவர்களுடைய சாமிக்குப் பலியும் கொட்டும் உண்டு. கதை அந்தப் பக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறது. தில்லைக்குப் போகத் துடிக்கும் நந்தனின் வாயில் வருவது நாட்டக்குறிஞ்சி, மாஞ்சி ராகங்கள். நொண்டிச் சிந்து போன்ற மக்கள் மெட்டுகளைப் பாரதியார் தாராளமாகவே சேர்த்திருக்கிறார் என்றாலும், நந்தன் வீட்டுக் கொட்டுக்குத் தில்லையில் வேலையில்லை. மனிதர் உள்ளே போகலாம், அதுவும் தீக்குளித்து, பூணூலோடு முனிவராக வெளிவந்த பிறகு. அவருடைய இசை ஆதனூரோடு நின்றுவிட வேண்டும். இந்தக் கனவூரின் நுழைவுச் சீட்டு அவ்வளவு விலை.

பூட்டிய அறையும் ஒரு பாணர் மகளும்

தில்லைக்குள் பாட்டே பூட்டப்பட்டுக் கிடந்த கதை இதற்கும் பழையது. திருமுறை கண்ட புராணம் சொல்வதன்படி, மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லப்பட, ராஜராஜ சோழன் மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்கவைத்தான். உள்ளே ஏடுகள் பெரும்பகுதி கரையான் அரித்துப் புற்று மூடிக் கிடந்தன. மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை.

ரே பிராட்பரி 1953இல் 'ஃபாரன்ஹீட் 451' எழுதினார். புத்தகங்களை எரிக்கும் ஒரு நாட்டில் சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு காட்டில் திரிகிறார்கள். ஏடு போனாலும் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை. தேவாரக் கதையிலும் இதே திருப்பம் வருகிறது. சொல் மட்டும் கிடைத்துவிட்டது, பண் தெரியவில்லை. ஏட்டில் பண்ணின் பெயர் இருக்கலாம், ஓசை இருக்காது. கடைசியில் அது கிடைத்தது எங்கே? விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூரில், இன்றைய ராஜேந்திரப்பட்டினத்தில். திருஞானசம்பந்தருடன் யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. அவர் மரபில் வந்த ஒரு பெண், தில்லையில் பண்ணடைவு வகுத்துக் கொடுத்தாள். அந்தப் புராணம் அவள் பெயரைச் சொல்லவில்லை.

அவளுடைய முன்னோராகிய யாழ்ப்பாணரும் மதுரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்தவர்தான். இறைவன் சொல்லி உள்ளே அழைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். எனவே தேவாரப் பண் தில்லைக்குத் திரும்பி வந்ததே, வாசலில் நின்ற ஒரு குலத்தின் காது வழியாகத்தான். பாட்டைப் பூட்டிவைத்தவர்கள் பண்ணைத் தொலைத்தார்கள். பூட்டு எதுவும் இல்லாதவர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

இன்னொரு சிதம்பரம்

சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், கடவுள் உள்ளே அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து எட்டும் தூரத்தில் வடலூரில் இன்னொரு சிதம்பரத்தையே எழுப்பினார். 1865இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23இல் தருமசாலை, 1872 ஜனவரி 25இல் சத்திய ஞான சபை. இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்துக் கிராமத்தார், ஏறக்குறைய எண்பது காணி. அந்த ஊருக்கு உத்தர ஞான சிதம்பரம் என்று பெயரிட்டார். சாதி கேட்காமல் சோறு போடும் சாலையின் அடுப்பு அன்று மூட்டியது, இன்றும் அணையவில்லை. காகிதத்தில் மட்டும் இருந்து போகாமல் அடுப்பு மூட்டிய கனவூர் உலகத்தில் அதிகம் இல்லை.

இந்தக் கனவூருக்கும் பாட்டுதான் அடித்தளம். பாட்டுக்காகவே கோர்ட்டும் ஏற வேண்டி வந்தது. தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் வள்ளலார் பாடல்களான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாக எதிர்த்தார். சிதம்பரத்தில் 1864இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியவர் அவர். இருதரப்பும் மேடையிலும் அச்சிலும் மோதி, 1869இல் வழக்கு கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனது. சட்டப்படி அது அவதூறு வழக்கு. அடியில் கிடந்த கேள்வி வேறு: நேற்று ஒருவர் எழுதிய பாட்டைத் திருமுறை என்று சொல்லலாமா, தேவாரம் பாடும் இடத்தில் அதைப் பாடலாமா? ஒரு பாட்டு எங்கே பாடப்படலாம் என்பதற்காக வெள்ளைக்காரன் கோர்ட்டில் பெரிய வித்துவான்கள் நின்ற காட்சியை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்ததாகத் தெரியவில்லை.

வடலூரிலும் வாசலில் நிபந்தனை உண்டு. புலாலும் கொலையும் தவிர்த்தவர்களே சபைக்குள் வர வேண்டும். உள்ளே ஆரவாரம் இல்லாமல் மெல்லத் துதிக்க வேண்டும். சாதியைக் கேட்காத வாசல் சாப்பாட்டைக் கேட்டது. கனவூர் என்றால் எங்கோ ஓரிடத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது, எவ்வளவு பெரிய மனம் படைத்தவர் கட்டினாலும்.

கந்தர்வ லோகமும் கடலூர்ச் சிறையும்

தமிழில் உரைநடையில் எழுதப்பட்ட கனவூர்ப் பயணம் என்றால் சுப்பிரமணிய பாரதியின் 'ஞானரத'த்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1910இல் நூலாக வந்தது. அதில் கதை சொல்பவன் திருவல்லிக்கேணி வீட்டு மாடியிலிருந்து ரதம் ஏறுகிறான். முதலில் உபசாந்தி லோகம் போகப் பார்க்கிறான். மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் அங்கே நுழையலாம் என்பதால் மனம் மறுக்கிறது. பிறகு கந்தர்வ லோகம் போகிறான். பர்வதகுமாரி என்னும் கந்தர்வப் பெண் அவனை அழைத்துச் சுற்றிக் காட்டுகிறாள். அங்கே அழகும் காதலும் இசையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துகிடக்கின்றன. பிளேட்டோவின் தணிக்கையும் இல்லை, பெல்லமியின் கம்பியும் இல்லை. ஆனாலும் அவனால் அங்கேயே தங்க முடிவதில்லை. சத்தியம், தருமம் என்று தேடிப் போகிறான், மண்ணுலகுக்கும் திரும்பி வருகிறான். இனிமை மட்டும் போதாது என்று அந்த நூலே சொல்லிவிடுகிறது.

இதே பாரதி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் மெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அரசியலில் வைத்தார். 'தொண்டு செய்யும் அடிமை' என்ற பாட்டு, வேதியர் நந்தனைத் திட்டும் மெட்டில் போடப்பட்டது. இங்கே திட்டுவது வெள்ளைக்கார உத்தியோகஸ்தன். திட்டு வாங்குவது சுயராஜ்யம் கேட்கும் இந்தியன். அன்றைய வாசகர் பலருக்கும் அந்த மெட்டு மனப்பாடம். பாடத் தொடங்கியதுமே உறைத்திருக்கும்: நேற்றுவரை வேதியர் பக்கம் இருந்தவர்கள் இன்று நந்தன் இடத்தில் நிற்கிறார்கள். தில்லையின் இடத்தில் சுதந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1918 நவம்பர் 20இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கைது செய்து கடலூரில் சிறைவைத்தார்கள். டிசம்பர் 14 வரை, மூன்று வாரத்துக்கு மேல். கந்தர்வ லோகம் எழுதியவருக்குக் கடலூர் காட்டிய லோகம் அது.

இடையில்: ஓமக்குளமும் சினிமாக் கொட்டகையும்

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் தீப்புகுந்ததாகச் சொல்லப்படும் ஓமக்குளத்தில்தான் மடமும் அமைந்தது. கதையில் சாம்பலான இடத்தில் பள்ளிக்கூடம். தலித் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். காலட்சேபம் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் செய்யாததை, கரும்பலகையும் விடுதிச் சோறும் செய்தன. நந்தனின் கதைக்கு எழுதப்பட்ட மறுமுடிவுகளில் இதுதான் சிறந்தது என்று நான் சொல்வேன். சகஜானந்தர் சட்டமன்றத்திலும் இருந்தார், 1959இல் மறைந்தார்.

அதே காலத்தில் நந்தன் சினிமாவுக்குப் போனான். 1935இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தன், மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பதே நாட்டுக்கெல்லாம் செய்தி. கல்கி விமர்சனம் எழுதும்போது பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும்தான் நடிப்பில் பரிசு கொடுத்தார். ஆனால் ஒன்று. அன்றைய சமூகத்தில் வாசலுக்கு வெளியே இன்னொரு விதமாக நிறுத்தப்பட்ட ஒரு நாடக மேடைப் பெண், நந்தனாக நின்று பாட, பெரிய சங்கீத வித்துவான் எதிரே நின்று பதில் பாட வேண்டியிருந்தது. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. எம்.எம். தண்டபாணி தேசிகரின் குரலில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுகள் காலட்சேபமே கேட்டிராத ஊர்களுக்கும் போயின.

தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றுச் சிதம்பரத்துக்கே வந்துசேர்ந்தார். ராஜா அண்ணாமலைச் செட்டியார் அந்த இசைக் கல்லூரியைத் தொடங்கியது 1929இல். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் நடந்த தமிழிசை மாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாட்டு வாசலில் நிற்கும் கதை இங்கே மொழியின் கதையாக வந்தது. துக்கடாவாகத் தமிழைப் பாடிவந்த மேடையில், பழைய தமிழ்ப் பாடலாசிரியர்களான முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் முன் வரிசைக்கு வரக் காரணம் இந்தக் கிளர்ச்சி. மாரிமுத்தாப் பிள்ளை பிறந்த தில்லைவிடங்கன் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்று: கதவு திறந்திருக்கிறது

சட்டப்படி இன்று எந்தச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம். 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகு ஆதனூர்க்காரர் கோபுர வாசலில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி தீரவில்லை. வாசலிலிருந்து மேடைக்கு இடம் மாறிவிட்டது. தில்லைக் கோயிலில் சிற்றம்பலத்துக்கு முன்னே, படியேறி நிற்கும் கனகசபையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்று குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி போராடினார். வயதான மனிதர். கோயிலின் பூசகர்களான தீட்சிதர்கள் தங்கள் வழிபாட்டு மரபைச் சொல்லி மறுத்தார்கள். அரசாணை வந்து, 2008 மார்ச் 2ஆம் தேதி போலீஸ் பாதுகாப்போடு அவர் பாடினார். கோயில் நிர்வாகத்தை அரசு எடுத்ததும், 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தீட்சிதர்களுக்கே திருப்பிக் கொடுத்ததும், 2022 மே மாதம் கனகசபை மீதேறி வழிபட அரசு மறுபடி ஆணையிட்டதும் பிந்தைய அத்தியாயங்கள்.

ராஜராஜன் கதவைத் திறக்க மூவர் திருமேனியைக் கொண்டுபோனான். இந்தக் காலத்தில் அரசாணையைக் கொண்டுபோகிறார்கள். சில படிகள்தான் வித்தியாசம். கீழே நின்று பாடினாலும் அதே பதிகம், அதே பண், அதே கடவுள். அப்படியிருந்தும் அந்தப் படிகளுக்காக ஒருவர் அடி வாங்குகிறார், வழக்கு போடுகிறார், போலீஸ் வருகிறது. பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது பாட்டைவிடப் பெரிய விஷயமாகிவிடும் இடம் உலகில் வேறெங்காவதும் இருக்கலாம். இங்கே அதற்கு ஆயிரம் ஆண்டு நீளம் உண்டு.

கோயிலுக்கு வெளியே மாற்றம் இன்னும் வேகம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பஸ்ஸில் ஒருகாலத்தில் டிரைவர் போட்ட கேசட்தான் எல்லாருக்கும். இளையராஜா பாட்டு ஒன்று ஓடினால் முன் சீட்டுப் பாட்டியும் படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையனும் அதைத்தான் கேட்டாக வேண்டும். இப்போது அதே பஸ்ஸில் ஜன்னலோரத்தில் ஒருத்தி காதில் இயர்பட். பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் தேவாரம். பின்னால் யாரோ கானா. ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது. பிராட்பரி நாவலில் கதாநாயகனின் மனைவி காதில் சோழி போன்ற சிறு ரேடியோவைச் செருகிக்கொண்டே தூங்குவாள். பெல்லமி 1888இல் கண்ட கனவும் பிராட்பரி 1953இல் கண்ட பயமும் அந்தச் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஜமியாத்தினின் கைப்பிடி இயந்திரமும் வந்துவிட்டது: இரண்டு வரி தட்டினால் கணினி ஒரு நடராஜர் பாட்டையே மெட்டோடும் குரலோடும் போட்டுத் தருகிறது.

இதைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆர்வெல்லின் நாவலிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இயந்திரம் செய்த குப்பைப் பாட்டைத்தான் முற்றத்தில் துணி உலர்த்தும் பெண் பாடுகிறாள். அவள் குரலில் அது அழகாகிவிடுகிறது. காது வழியாக யாருக்கும் எதுவும் கிடைக்கும் காலம் வந்ததில் நந்தன்களுக்குக் கிடைத்த லாபம் பெரியது. மதிலுக்கு வெளியே நின்று மேளத்தைக் கேட்டவரின் பேத்தி, கனகசபையில் பாடும் ஓதுவாரின் குரலையும் காசில்லாமல் தன் வீட்டுத் திண்ணையில் கேட்கிறாள்.

போனது எது என்றால், கதை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டுகள் இன்று சபாக்களில் தனித்தனியாக வருகின்றன. உள்ளே வரலாமா என்று தயங்கும் மாஞ்சிப் பாட்டு, கச்சேரியின் கடைசி அரை மணியில் ஒரு சொகுசான துண்டு. பாடகர் சங்கதிகளை இழைக்கிறார், ரசிகர் தலையை ஆட்டுகிறார். கேட்பது யார், யாரிடம், எந்த வாசலில், ஏன் அனுமதி வேண்டும் என்பதெல்லாம் உதிர்ந்துவிட்டன. பண்ணையார் இல்லை, நாற்பது வேலி இல்லை, தீ இல்லை. காலட்சேப இரவு குறை உள்ளதுதான். தீயைத் தாண்டித்தான் நந்தனை உள்ளே விட்டது. என்றாலும் அங்கே அந்தப் பாட்டுக்கு முன்னே ஓர் அடிமை இருந்தான். இன்று பாட்டு மிஞ்சியிருக்கிறது, அடிமை காணாமல் போய்விட்டான். 1978இல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தை எழுதி, நந்தன் சோதியில் கலக்கவில்லை, சூழ்ச்சியால் எரிக்கப்பட்டான் என்று காட்ட வேண்டியிருந்தது இந்த உதிர்வுக்கு எதிராகத்தான்.

1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. நாடெங்குமிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நாட்டியக்காரர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் நந்தனாரையும் ஆடுகிறார்கள். முதுகு வளைந்து, கை நடுங்கி, கோபுரத்தைத் தூரத்தில் கண்டு கண் விரியும் அந்த அபிநயத்துக்குக் கைதட்டல் நிச்சயம். இன்னொரு பக்கம், நந்தனுடைய சேரியின் பறை கல்லூரி விழாவிலும் ஊர்வலத்திலும் திருமண மண்டபத்திலும் தலைநிமிர்ந்து ஒலிக்கிறது. பெண்களும் கற்று அடிக்கிறார்கள். சாவுக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிய காலத்தை அது தன் சொந்தக் காலால் தாண்டியது. எந்த அரசாணையும் அதற்கு உதவவில்லை. நந்தன் ஒரு மேடையில், அவன் பறை இன்னொரு மேடையில். இரண்டும் இன்னும் ஒரு கதைக்குள் சந்திக்கவில்லை.

எனவே, அன்றைக்கும் இன்றைக்கும் இடையே கணக்குப் போட்டால் வாசல் பக்கம் வரவு, கதைப் பக்கம் செலவு. வாசல் திறந்ததற்காகக் காலட்சேபத்தை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. அந்த இரவுகள் யாருக்கும் திரும்ப வேண்டாம். இந்த வட்டாரத்தில் யாராவது இனி ஒரு கனவூர்க் கதை எழுதினால் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. நந்தனை மறுபடியும் நாட்டக்குறிஞ்சியில் பாடவைக்கட்டும், தப்பில்லை, அது அவன் சம்பாதித்த ராகம். கூடவே, ஊர்ச் சாமிக்கு நாம் கொட்டுவது போதாதா என்று கேட்ட ஆதனூர்ப் பெரியவரின் கேள்விக்கு, அறியாமை என்று தள்ளாமல், ஒரு நேரான பதிலையும் எழுதட்டும். பதில் எழுத முடியவில்லையென்றால், அந்தப் பெரியவரையும் அவர் கொட்டையும் எந்தத் தீயும் கேட்காமல் உள்ளே விடட்டும்.